களம் கேள்வி பதில்: பந்தும் பளுவும் ஒரே ஆளின் கையில்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரே கூடைப்பந்துப் பயிற்றுநர் நாற்பது ஆண்டு இருக்கிறாராமே? நம் ஊரில் நான்கு ஆண்டு தாங்கினாலே பெரிது.
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

இருந்திருக்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் மைக் ஷஷெஃப்ஸ்கி 1980 முதல் 2022 வரை இருந்தார். சிரக்யூஸில் ஜிம் பேஹைம் 1976 முதல் 2023 வரை. டென்னசி பெண்கள் அணியைப் பேட் சம்மிட் 1974 முதல் 2012 வரை நடத்தினார். ஆனால் ஷஷெஃப்ஸ்கியின் முதல் மூன்று பருவக் கணக்கைப் பாருங்கள்: 38 வெற்றி, 47 தோல்வி. முதல் தேசியப் பட்டம் 1991இல்தான் வந்தது. ஜான் வுடன் 1948இல் கலிஃபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், முதல் பட்டத்துக்கு 1964 வரை காத்திருந்தார். அதையும் சேர்த்து 1975க்குள் பத்துப் பட்டங்கள். அவர்களின் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும், நிர்வாகம் பொறுத்திருந்ததே, அதைச் சொல்லுங்கள்.

சிறிய கல்லூரிகளில் கதை வேறு. அங்கே பயிற்றுநரே உடற்பயிற்சிக் கூடத்தின் பொறுப்பாளராகவும் இருப்பதுண்டு. அணி தோற்ற ஆண்டிலும் கூடத்தைத் திறக்க ஆள் வேண்டும், அதனால் வேலை நிலைக்கும். நம் ஊரில் பல கல்லூரிகளில் பயிற்றுநர் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வருபவர். போட்டி முடிந்தால் அவர் கணக்கும் முடிந்தது.

மகள் இந்தப் பயிற்றுநர் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். எதில் தொடங்குவது?
– ஒரு தாய், செந்தூல்

எஸ்.பி.கே.கே. எனப்படும் மலேசியாவின் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில். விளையாட்டு அறிவியலுக்குத் தனிப் படிநிலைகள், கூடைப்பந்துக்குத் தனிப் படிநிலைகள் உண்டு. இரண்டிலும் முதல் நிலையை முடிக்கட்டும். முதலுதவிச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். கூடைப்பந்துச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவருக்குப் பகுதிநேர வேலைதான் எளிதில் கிடைக்கும். பளுப்பயிற்சியும் கற்றுத்தரத் தெரிந்தால் முழுநேர வேலை கேட்க வாய் இருக்கும்.

செமஸ்டர் விடுமுறைக்குப் பின் மூன்றாவது வாரம், என் அணியில் நான்கு பேருக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே வலி. ஒருவரும் விழவில்லை, மோதவில்லை. ஏன்?
– கல்லூரிப் பயிற்றுநர், செராஸ்

முட்டியை விடுங்கள், முதலில் நாள்குறிப்பை எடுங்கள். பயிற்சி முடிந்த அரைமணியில் ஒவ்வொருவரிடமும் 'இன்று எவ்வளவு கடுமை, பத்துக்கு எத்தனை?' என்று கேளுங்கள். அந்த எண்ணை நிமிடத்தால் பெருக்கினால் அன்றைய சுமை. விடுமுறையில் வாரம் இரண்டு நாள், 40 நிமிடம், கடுமை 4 என்றால் வாரச் சுமை 320. திரும்பி வந்த முதல் வாரமே மூன்று நாள், 120 நிமிடம், கடுமை 7 என்றால் 2,520. ஏறக்குறைய எட்டு மடங்கு!

மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அப்படியில்லை, மெல்லத்தான் பழகும். 'நான் தயார்' என்று பையன் சொல்வது அவனுடைய நுரையீரல் சொல்வது. முட்டிக்குக் கீழுள்ள நாண் அதைச் சொல்லவில்லை.

அடுத்த முறை மூன்று நாள் பயிற்சியை இப்படி ஏற்றுங்கள்: முதல் வாரம் 60 நிமிடம், கடுமை 5, சுமை 900. இரண்டாவது வாரம் 75 நிமிடம், அதே கடுமை, 1,125. மூன்றாவது வாரம் 75 நிமிடம், கடுமை 6, 1,350. நான்காவது வாரம் 90 நிமிடம், 1,620. இதைவிட நல்ல வழி, விடுமுறைக்கே வாரம் இரண்டு பளுப்பயிற்சி எழுதிக் கொடுத்து அனுப்புவது.

இப்போது வலிப்பவர்களை முழு ஓய்வில் உட்கார வைக்காதீர்கள். இரண்டு வாரம் உட்கார்ந்தால் வலி போகும், நாணும் இன்னும் தளரும். திரும்ப ஓடிய மூன்றாம் நாளே வலி வந்து நிற்கும். வலி ஸ்பிரே அடித்துவிட்டு ஆடவைப்பது அதைவிட மோசம். குதிப்பதை மட்டும் குறைத்துவிட்டு, சுவரில் முதுகை ஒட்டி, முட்டி மடித்து, 45 விநாடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். ஐந்து முறை, இடையில் இரண்டு நிமிட ஓய்வு. வலி அடங்கத் தொடங்கியதும் வாரம் மூன்று நாள் பளுவோடு ஸ்குவாட்: மூன்று விநாடி இறங்கி, மூன்று விநாடி ஏறி, எட்டு முறை, நான்கு சுற்று. பத்துக்கு மூன்று வரை வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் தணிய வேண்டும். தணியவில்லையா, பளுவைக் குறையுங்கள். பன்னிரண்டு வாரம் பொறுமை தேவை. முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் நழுவினாலோ இந்த வைத்தியமெல்லாம் வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஆட்டத்தின் நாலாவது கால்பகுதியில் கால் பிடிக்கிறது. உப்பு குறைவா?
– வாசகர், பூச்சோங்

இருக்கலாம், களைப்பே முதல் காரணமாகவும் இருக்கலாம். தராசு வைத்துப் பாருங்கள். பயிற்சிக்கு முன் 70 கிலோ, பின் 68.4 என்றால் உடல் எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது; ஆட்டம் தளரும். இழந்த ஒரு கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் என்று கணக்கிட்டு, உப்புள்ள உணவோடு அன்றிரவுக்குள் குடிக்கட்டும். ஒரே மூச்சில் அல்ல. ஐந்து மணிப் பயிற்சிக்கு நாலரை மணிக்கு நாசி லெமாக் சாப்பிட்டு வருபவரை முதலில் திருத்துங்கள். தேங்காய்ப்பால் கொழுப்பு வயிற்றிலேயே தங்கும்.

மழை நாளில் மண்டபத் தரை வழுக்குகிறது.
– வாசகர், கெப்போங்

ஈரத் துணியால் துடைக்கிறீர்களோ? தூசி கரைந்து படலமாகிவிடும். அகலமான உலர்ந்த துடைப்பத்தால் ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் தள்ளுங்கள். ஈரத் துணி காலணியின் அடிப்பாகத்துக்கு மட்டும். பந்தையும் சோதியுங்கள்: 1.8 மீட்டரிலிருந்து விட்டால் அதன் மேல்பக்கம் 1.2 முதல் 1.4 மீட்டர் எழும்ப வேண்டும். காலுறையில் மடிப்பு இருந்தால் கொப்புளம் வரும். வுடன் பருவத்தின் முதல் பயிற்சியில் காலுறை போடத்தான் கற்றுக்கொடுத்தார். புழுங்கும் நம் ஊருக்கு அது இன்னும் பொருந்தும்.

கணுக்கால் பிசகிய வீரர் நாளை இறுதி ஆட்டத்தில் இறங்கலாமா? பயிற்றுநரும் நானே, உடற்தகுதிப் பொறுப்பாளரும் நானே.
– வாசகர், பட்டர்வொர்த்

அந்த முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். கோப்பை வேண்டும் என்பவரும் காலைப் பார்க்க வேண்டியவரும் ஒரே ஆள் என்றால், முந்தின இரவில் கோப்பைதான் வெல்லும். இயன்முறை மருத்துவர் பார்க்கட்டும். அவர் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். குதிகால் தரையில் இருக்க, முட்டியால் சுவரைத் தொடும்போது பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் இரு கால்களிலும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். ஒற்றைக்கால் தாண்டலில் பிசகிய கால் மற்றதன் 90 விழுக்காட்டை எட்ட வேண்டும். கூடைக்கு முன்னுள்ள 4.9 மீட்டர் அகலக் கட்டத்துக்குள் பக்கவாட்டில் முழுவேகத்தில் நகர்ந்தால் நொண்டக் கூடாது. ஒன்றில் தவறினாலும் அவர் பெஞ்சில். இந்த மூன்றையும் அடுத்த பருவத்தின் முதல் நாளிலேயே தாளில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.