மாமியாரைப் பாத்துக்கற மருமகளுக்கு

கேள்வி: மாமியாருக்கு டிமென்ஷியா (மறதி நோய்). ராத்திரியெல்லாம் 'வீட்டுக்குப் போகணும்'னு எழுந்துடறாங்க, எனக்குத் தூக்கமே இல்ல, என் பிபி மாத்திரையே மறந்துபோகுது, சில நேரம் கத்திடறேன். – வாசகி, மன்னார்குடி

பதில்: இப்படித் தூக்கம் கெட்டா யாருக்கும் பொறுமை போகும்மா, பிபியும் ஏறும், அதனால மொதல்ல உங்க மாத்திரை. 2021லேர்ந்து அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே கொண்டாந்து தராங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. இதுதான் வீடுன்னு அவங்ககிட்ட வாதாடாதீங்க, 'பால் குடிச்சிட்டுப் போவோம்'னு பேச்சை மாத்துங்க, பகல்ல தூங்கவிடாம திண்ணை வெளிச்சத்துல உக்கார வைங்க. திடீர்னு குழப்பம் அதிகமானா யூரின் இன்ஃபெக்‌ஷனாவும் இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்க. வாரத்துல ரெண்டு மூணு ராத்திரி உங்க வீட்டுக்காரர் முழிக்கட்டும், அவர் அம்மாதானே! மனசு தாங்கலைன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.