நிலவறைச் சுவர்கள்: பெயின்ட் அடிப்பதற்கு முன்

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் உள்ள எங்கள் பழைய வீட்டின் நிலவறையில் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தும் ஓராண்டுக்குள் பெயின்ட் செதில் செதிலாக உதிர்கிறது. என்ன செய்வது?

பதில்: உதிர்ந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள்; பின்புறம் வெண்மாவு ஒட்டியிருந்தால் அது உப்பு. மண்ணின் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு செங்கல் வழியே வந்து, ஆவியாகும் இடத்தில் அதை விட்டுச் செல்கிறது. அந்த உப்பு படிகமாகப் பருக்கும்போது பூச்சைத் தள்ளிவிடுகிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்கு அழுத்தமான சிமென்ட் பூச்சு பகை. ஈரத்தை உள்ளேயே அடைத்துச் செங்கல்லையும் பொரியவைக்கும். ஆகவே, ஈரக்கறைக்கு மேலும் ஓரடி உயரம் வரை அதைக் கொத்தி எடுத்து, இணைப்புகளில் மக்கிய சாந்தை அரை அங்குலம் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து அகற்றுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே இறங்கும். பங்குனியில் தொடங்கினால் கோடை முழுவதும் சுவர் உலரும். ஐப்பசி மழையை எதிரில் வைத்துக்கொண்டு இவ்வேலையைத் தொடங்கவே கூடாது.

கேள்வி: மறுபூச்சுக்கு என்ன கலவை?

பதில்: நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, செங்கல் தூள் 1 பங்கு, சலித்த மணல் 2 பங்கு. வெறும் சுண்ணாம்பு காற்றுப்பட்டே இறுகும் என்பதால், ஈரமான நிலவறையில் செங்கல் தூளைத் தவிர்க்க வேண்டாம். சுவரை நனைத்து, ஒரு பூச்சுக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை பூசி, அது இறுகிய பிறகே அடுத்ததைப் பூசுங்கள். சில நாட்கள் ஈரம் காயாமல் காக்கவும் வேண்டும். 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும் நம் ஊரிலேயே இருக்கும்போது, இந்த முறையைக் கொத்தனார்கள் கைவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: சுவரின் நடுவே கிடைமட்டமாக வெடிப்பு ஓடி, சுவர் உள்நோக்கிப் பிதுங்கியுள்ளது. பூசி மறைக்கலாமா?

பதில்: கூடாது. வெளிமண்ணின் அழுத்தம் காரணமாக இருக்கலாம்; முதலில் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எப்போது பெயின்ட் அடிக்கலாம்?

பதில்: இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் உள்ளது. வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால் அறையின் காற்றில் உள்ள ஈரம் அது, காற்றோட்டம் தந்தால் போதும். இரு புறமும் உலர்ந்திருந்தால் மூன்று முறை மெல்லியதாகச் சுண்ணாம்பு அடியுங்கள்; ஆயில் பெயின்ட் வேண்டாம்.