எல்லவில் சிப்லைனும் நீர்வீழ்ச்சியும்: முற்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து ஐந்து பேர் ஆகஸ்டில் எல்லவுக்குப் போகிறோம். காலையில் தியலும நீர்வீழ்ச்சி, பின்னேரம் சிப்லைன் (கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போவது) என்று ஒழுங்கு செய்து தருபவர், பாதிப் பணத்தை வங்கியில் போடச் சொல்கிறார். எனக்கு 104 கிலோ, மகளுக்கு 31 கிலோ. கட்டலாமா?

பதில்: இருவரின் எடையையும் எழுதி அனுப்பி, "ஏற்றுவோம்" என்ற பதில் எழுத்தில் வரும்வரை கட்டாதீர்கள். சிப்லைனில் எடைக்கு மேல்வரம்பு மட்டுமல்ல, கீழ்வரம்பும் உண்டு. பாரமானவர் கூடிய வேகத்தில் வந்து பிரேக்கில் அடிபடுவார். மெலிந்த பிள்ளை எதிர்க்காற்றில் வேகம் இழந்து, மறுகரைக்கு முன்பே நின்று, கம்பி தொய்ந்த இடத்துக்குப் பின்னோக்கி உருண்டுவிடும். பிறகு ஊழியர் ஒருவர் கம்பியில் போய்த்தான் இழுத்துவர வேண்டும். வரம்பு இடத்துக்கு இடம் மாறும். வாசலில் தராசு வைத்திருந்தால் உடுப்பு, சப்பாத்தோடுதான் நிறுப்பார்கள். ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டும்.

அடுத்தது காற்று. எல்ல இருக்கும் ஊவாவில் ஆகஸ்டில் மழை குறைவு. ஆனால் உங்கள் ஊருக்கு வரும் அதே கச்சான் காற்று அந்த மலைச்சரிவிலும் வீசும். காற்றுக் கூடினால் ஓட்டத்தை நிறுத்துவதுதான் சரி. நிறுத்தாத இடத்தை நம்ப வேண்டாம். நிறுத்தினால் முழுப்பணம் திரும்புமா, வேறு திகதியா, எடையால் ஒருவரை மறுத்தால் அவர் பங்கு என்னாகும்? இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் இருக்கட்டும். பற்றுச்சீட்டில் சிப்லைன், வான், வழிகாட்டி எனத் தனித்தனித் தொகை போடச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை போட்டால், ஒன்று நடக்காதபோது எவ்வளவு திருப்பிக் கேட்பது என்பதே சண்டையாகும். வாக்குறுதியை மீறினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். அழைப்பு இலக்கம் 1977.

நாள் ஒழுங்கையும் மாற்றச் சொல்லுங்கள். சிப்லைன் முதலில், தண்ணீர் பிறகு. நனைந்த காற்சட்டையோடு ஹார்னஸ் (இடுப்பையும் தொடையையும் சுற்றிக் கட்டும் பட்டி) போட்டால் தொடை உரசிப் புண்ணாகும். நடந்து களைத்த பிள்ளைக்கு ஊழியர் சொல்வதும் காதில் ஏறாது.

கேள்வி: மேடையில் நாங்களே எதைப் பார்த்துக்கொள்ளலாம்?

பதில்: இடுப்புப் பட்டி இடுப்பெலும்புக்கு மேலே இருக்க வேண்டும். தொடைப் பட்டிக்குள் விரித்த கை நுழையலாம், மடக்கிய முட்டி நுழையக் கூடாது. கம்பியோடு உங்களை இணைப்பது ஒரே ஒரு கொளுக்கி என்றால் ஏறாதீர்கள். கப்பிக்குத் தனியாகவும் காவலுக்குத் தனியாகவும் இரண்டு இணைப்பு வேண்டும், கொளுக்கிகளின் பூட்டுகள் மூடியிருக்க வேண்டும். ஹார்னஸில் தைத்த சிட்டையில் தயாரித்த ஆண்டு இருக்கும். நைலோன் பட்டிகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தரும் உச்ச ஆயுள் 10 ஆண்டு. நாளாந்தம் வெயிலில் கிடப்பவை அதற்கு முன்பே கெடும்: நிறம் வெளிறி, தையல் நூல் பிசிறும். நீண்ட முடியைக் கட்டி, சால்வையைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: தியலுமவுக்கு விலை கூடிய மலையேற்றச் சப்பாத்து வாங்க வேண்டுமா? இறப்பர்ச் செருப்புப் போதாதா?

பதில்: செருப்புப் போதாது, கணுக்கால் மூடும் விலை கூடிய சப்பாத்தும் தேவையில்லை, அதற்குள் தண்ணீர் புகுந்தால் நாள் முழுக்கக் காயாது. பார்க்க வேண்டியது அடியை. மிக இலேசாக, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் நுரை அடி ஈரப் பாறையில் வழுக்கும். பாரமான, இழுவையுள்ள இறப்பர் அடியும் ஆழமான வெட்டும் இருந்தால் சாதாரண ஓட்டச் சப்பாத்தே போதும். கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில், போடப்போகும் காலுறையோடு அளவு பாருங்கள். இறக்கத்தில் பெருவிரல் முன்னே முட்டக் கூடாது. பயணத்துக்கு இரண்டு கிழமை முன்பே நடந்து பழக்குங்கள். எந்த அடியும் பச்சைப் பாசியில் பிடிக்காது என்பதையும் மறக்க வேண்டாம். தியலுமவின் உயரம் 220 மீற்றர். மேலே உள்ள தடாகங்களில் குளிக்கலாம். விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம். தண்ணீர் திடீரெனக் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்துவந்தால் மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. உடனே கரையேறுங்கள், பையை எடுக்கவும் நிற்காதீர்கள்.

கேள்வி: என் போன் ஐபி 68 தரம் (தூசும் நீரும் புகாத தரம்). தனி உறை வேண்டுமா?

பதில்: வேண்டும். அந்தத் தரச் சோதனை அசையாத நன்னீரில் நடப்பது. கொட்டும் அருவியின் அழுத்தத்துக்குப் பொருந்தாது. தண்ணீர் புகுந்த பழுதை உத்தரவாதத்தில் ஏற்காத நிறுவனங்களே அதிகம். உறை வாங்கியதும் உள்ளே டிசு தாள் வைத்து, அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். தாள் ஈரமானால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: வேறென்ன கொண்டுபோக?

பதில்: ஆளுக்கு 2 முதல் 3 லீற்றர் தண்ணீர், ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) இரண்டு பக்கற், ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், மாற்றுடுப்பு, நெருக்கமான நெசவில் நீண்ட காலுறை. அட்டை கடித்தால் பிய்க்காமல், நகத்தை அதன் வாய்க்கடியில் செலுத்தித் தள்ளி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அவசர அம்புலன்சுக்கு 1990. மலை மடிப்புகளில் சிக்னல் விழாது என்பதால் திரும்பும் நேரத்தை வான் சாரதியிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள்.