லெவர்குசனின் கடைசி நிமிடங்கள்

அன்புள்ள சார்,

ஜெர்மனியின் பயர் லெவர்குசன் கால்பந்து அணி 2023-24 சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் லீக்கை வென்றது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ரசித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இவ்வளவு கொண்டாட வேண்டுமா என்று தோன்றியது. நானும் அந்த சீசனை ஓரளவு தொடர்ந்து பார்த்தவன். எத்தனை ஆட்டங்களில் கடைசி நிமிடத்தில் கோல் போட்டுத் தப்பித்தார்கள்! அதை அதிர்ஷ்டம் என்றுதானே சொல்ல வேண்டும்? 2002-ல் இதே கிளப் கையில் இருந்த மூன்று கோப்பைகளையும் நெஞ்சுரம் இல்லாமல் கோட்டை விட்டது. 2024-ல் அதிர்ஷ்டம் வந்து கை கொடுத்தது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு அந்த வருடம் பயர்ன் மியூனிக் சொதப்பியது. இன்னொன்று, இது பயர் என்ற மருந்துக் கம்பெனியின் அணி. ஏழை அணி வென்ற கதை மாதிரி இதைச் சொல்வது சரியா? ஐரோப்பிய அளவிலான யூரோப்பா லீக் கோப்பையின் இறுதியில் இத்தாலியின் அடாலாண்டாவிடம் 3-0 என்று தோற்றதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்.

என் மகன் இப்போதுதான் கால்பந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறான். அந்த சீசனிலிருந்து ஒரு ஆட்டம் காட்டுவதென்றால் எதைக் காட்டலாம்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. கடைசி நேரத்தில் தோற்றால் நெஞ்சுரம் இல்லை, கடைசி நேரத்தில் ஜெயித்தால் அதிர்ஷ்டம். அப்படியென்றால் அந்த அணி என்னதான் செய்தால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள்? கோபிக்காதீர்கள். ஜெர்மனியிலேயே பல வருடங்களாக இப்படித்தான் பேசினார்கள். என்றைக்கும் இரண்டாமிடம்தான் என்று கேலிப்பெயர் வைத்து அந்த ஊரை வெறுப்பேற்றினார்கள். இரண்டு பேச்சுமே ஆட்டத்தைப் பார்க்காமல் ஸ்கோரை மட்டும் பார்த்துச் சொல்வது என்பது என் எண்ணம்.

முதலில் தோல்விகள். 2000 மே மாதம், கடைசி நாள், உன்டர்ஹாகிங் என்ற சின்ன அணியோடு டிரா செய்தால் லெவர்குசன் சாம்பியன். லெவர்குசனின் மிக்கேல் பல்லாக் தன் வலைக்குள்ளேயே ஓன் கோல் போட்டார், 2-0 என்று தோற்றார்கள். பயர்னும் லெவர்குசனும் ஒரே புள்ளிகள், கோல் வித்தியாசத்தில் கோப்பை மியூனிக்குக்குப் போனது. உன்டர்ஹாகிங் மியூனிக்கை ஒட்டிய ஊர் என்பது வயிற்றெரிச்சலுக்கு மேல் வயிற்றெரிச்சல். இதற்கு நெஞ்சுரம் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் அதிகம் வாதாட மாட்டேன்.

2002 வேறு கதை. மூன்று ஆட்டங்கள் மீதியிருக்கும்போது ஐந்து புள்ளிகள் முன்னிலை. சொந்த மைதானத்தில் வெர்டர் பிரெமனிடம் தோல்வி, அடுத்து நியூரம்பெர்கில் தோல்வி. டோர்ட்முண்ட் ஒரு புள்ளி வித்தியாசத்தில் லீக்கை எடுத்துக்கொண்டது. அடுத்து ஜெர்மன் கோப்பை இறுதியில் ஷால்கேயிடம் 4-2. பிறகு கிளாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, ரியல் மாட்ரிட்டிடம் 2-1. ஜிடான் காற்றிலேயே அடித்த அந்த கோலைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த லெவர்குசன் மூன்று போட்டிகளிலும் கடைசி வரை ஓடிய அணி. மான்செஸ்டர் யுனைடெட்டுடனான அரையிறுதியில் தடுப்பாட்டத்தின் தூணான நோவோட்னி முழங்கால் காயத்தோடு வெளியேறினார். ஒரு ஆட்டத்தில் மூன்று பேரைத்தான் மாற்றலாம் என்பது அன்றைய விதி. ஏப்ரலில் கால்கள் ஓய்ந்துபோயின. மனதைக் குறை சொல்லும் முன் கால்களைப் பார்க்க வேண்டும்.

இப்போது 2023-24. நீங்கள் சொல்கிற கடைசி நிமிட கோல்கள் நிஜம்தான். ஜனவரியில் ஒரே வார இடைவெளியில் இரண்டு: ஆக்ஸ்பர்கில் பலாசியோஸ் 94-வது நிமிடத்தில், லைப்சிக்கில் இன்காபியே 91-வது நிமிடத்தில். ஸ்ட்ரைக்கர் போனிஃபேஸ் காயம், வேறு சிலர் ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போயிருந்தார்கள், அப்போது வந்த வெற்றிகள் இவை. மார்ச் கடைசியில் ஹோஃபன்ஹைமோடு 88-வது நிமிடம் வரை பின்தங்கியிருந்து 2-1 என்று ஜெயித்தார்கள்.

இவை எப்படி வருகின்றன? அப்போதைய பயிற்சியாளர் ஷாபி அலோன்சோவின் அணி பின்னால் மூன்று பேர், நடுவில் கிரானிட் ஜாக்காவும் பலாசியோஸோ ஆந்த்ரிக்கோ ஒருவரும், இரண்டு ஓரத்திலும் கிரிமால்டோ, ஃப்ரிம்பாங் என்று நிற்கும். பந்து இடப்பக்கம் பத்து பாஸ், திரும்ப ஜாக்காவிடம், அங்கிருந்து வலப்பக்கம். எதிரணி மொத்தமாக நகர்ந்து நகர்ந்து மூட வேண்டும். முதல் பாதியில் இதைப் பார்க்கும்போது ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். என் நண்பர் ஒருவர் இந்த நேரத்தில்தான் டீ போட எழுந்து போவார். ஆனால் அடுப்பில் சாதம் வேகிற மாதிரி, உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். எண்பது நிமிடம் பந்து இல்லாமல் இப்படி ஓடிய தடுப்பாட்டக்காரர் 85-வது நிமிடத்தில் அரை அடி தாமதமாகத்தான் வருவார். அந்த அரை அடி போதும்.

அதோடு பெஞ்ச். இப்போது ஐந்து பேரை மாற்றலாம். யூரோப்பா லீக் காலிறுதியில் வெஸ்ட் ஹாமோடு நடந்த முதல் ஆட்டத்தைப் பாருங்கள். 83-வது நிமிடம் ஹோஃப்மன், 91-வது நிமிடம் போனிஃபேஸ், இரண்டு பேருமே மாற்றாக வந்தவர்கள். 2002-ன் அணிக்கு இந்த வசதி இல்லை. விதி மாறியதால் கிடைத்த லாபம் இது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். அதே விதி மற்ற எல்லோருக்கும் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஏப்ரல் 14 அன்று பிரெமனை 5-0 என்று வென்று லீக் முடிந்துவிட்டது. விர்ட்ஸ் இரண்டாம் பாதியில் இறங்கி மூன்று கோல், ஐந்து ஆட்டங்கள் மீதி. (2002-ல் வீழ்த்திய அதே பிரெமன், அதே ஊர்.) அதற்குப் பிறகு டோர்ட்முண்டோடு ஸ்டானிசிச் 97-வது நிமிடத்தில் சமன் செய்தார். ஸ்டுட்கார்ட்டோடு ஆந்த்ரிக் 96-வது நிமிடத்தில். ரோமாவுடனான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் மறுபடி ஸ்டானிசிச், மறுபடி 97-வது நிமிடம். இதில் எதுவும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? லீக் கையில் வந்தாயிற்று. ரோமாவோடு முதல் ஆட்டத்தை 2-0 என்று ஜெயித்திருந்தார்கள், இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. அந்த கோல் வராவிட்டாலும் இறுதிக்குப் போயிருப்பார்கள். நெருக்கடியில் பொங்கி எழும் வீரம் என்று வர்ணனையாளர்கள் சொல்வதும் இங்கே செல்லாது, ஏனென்றால் நெருக்கடியே இல்லை. தோற்காமல் முடிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது, அது வேறு. போர்ச்சுகலின் பென்ஃபிகா 1965-ல் முடித்த, தொடர்ந்து 48 ஆட்டங்கள் தோற்காத சாதனையை ரோமாவோடு தாண்டினார்கள். மற்றபடி அது அவர்களுக்குப் பழகிப்போன ஆட்டம்.

சரி, அதிர்ஷ்டமே இல்லையா? உண்டு. செப்டம்பரில் மியூனிக்கில் 94-வது நிமிடத்தில் பெனால்டி கிடைத்து 2-2 ஆனது. யூரோப்பா லீக்கில் காராபாக் அணியோடு மார்ச்சில் நடந்தது இன்னும் அதிகம். 1-0 என்று சொந்த மண்ணில் பின்தங்கியிருந்தபோது எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார், அதன் பிறகும் அவர்கள் 2-0 ஆக்கினார்கள். அப்புறம் ஃப்ரிம்பாங் ஒன்று, மாற்றாக வந்த ஷிக் இஞ்சுரி டைமில் இரண்டு. அன்று காராபாக் பதினொரு பேராக இருந்திருந்தால் நீங்களும் நானும் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

பயர்ன் சொதப்பியதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாரி கேன் 36 கோல் போட்டும் அவர்கள் மூன்றாமிடம். உண்மை. ஆனால் லெவர்குசன் எடுத்தது 90 புள்ளிகள்: 28 வெற்றி, 6 டிரா, தோல்வி இல்லை. பயர்ன் தொடர்ந்து வென்ற 11 லீக்குகளில் 2012-13-ல் மட்டும்தான் இதைவிட அதிகம், 91. அடுத்த வருடம் குவார்டியோலா பயிற்றுவித்த பயர்ன் எடுத்ததும் இதே 90-தான். எந்த வருடத்து பயர்ன் வந்திருந்தாலும் இந்த லெவர்குசன் போட்டி போட்டிருக்கும்.

கம்பெனி அணி என்பதில் நீங்கள் சொல்வது சரி. நான் ஏழை அணி என்று எழுதவில்லை, எழுதியிருந்தால் அபத்தம். ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. பல ஆண்டுகளாகக் கிளப்பைத் தாங்கிவந்த நிறுவனம் என்று பயருக்கு அதிலிருந்து விலக்கு. மற்ற கிளப் ரசிகர்கள் இதை வைத்துத் திட்டுவது நியாயம்தான். அதே சமயம் 1904-ல் அந்தத் தொழிற்சாலையின் ஊழியர்களே கேட்டுத் தொடங்கிய கிளப் அது. கம்பெனிப் பணம் இத்தனை காலம் இருந்தும் 2024-க்கு முன் ஐந்து முறை இரண்டாமிடம், ஒருமுறைகூட லீக் கிடைக்கவில்லை. ஆக, பணம் மட்டும் விளக்கமாகாது.

2022 அக்டோபரில் அலோன்சோ வரும்போது எட்டு ஆட்டங்களில் ஐந்து புள்ளிகள், அணி 17-வது இடம். மேல்மட்ட அணி எதையும் பயிற்றுவித்த அனுபவம் அவருக்கு இல்லை. அந்த சீசனை ஆறாமிடத்தில் முடித்தார்கள். அடுத்த கோடையில் வேகக்காரர் டியாபியை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றார்கள். கிரிமால்டோ ஒப்பந்தம் முடிந்து பணமில்லாமல் வந்தார், ஆர்சனலில் இருந்து முப்பதைத் தாண்டிய ஜாக்கா வந்தார். ஸ்டானிசிச் பயர்னில் இருந்து கடனாக வந்தவர். பிப்ரவரியில் பயர்னை 3-0 என்று அடித்தபோது முதல் கோல் அவருடையது! விர்ட்ஸ் பதினாறு வயதில் பக்கத்து ஊரான கொலோனிலிருந்து கூட்டிவரப்பட்டவர். கொலோன்காரர்கள் அதை இன்னும் மறக்கவில்லை, 2024-ல் அவர்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது வேறு.

அடாலாண்டா ஆட்டத்தை ஒரே வரியில் கடந்தது இடம் போதாமல்தான். நான் சொல்வதற்கு அது நல்ல சான்று. அவர்களுடைய அன்றைய பயிற்சியாளர் காஸ்பெரினி ஆளுக்கு ஆள் ஒட்டவைத்தார். ஜாக்கா திரும்பவே முடியவில்லை. எதிரணியை ஓடவைத்துக் களைக்கச் செய்யும் எண்பது நிமிடங்கள் அன்று நடக்கவே இல்லை, ஆகவே கடைசிப் பத்து நிமிடமும் வரவில்லை. அடாலாண்டாவின் லுக்மன் மூன்று கோல். போனிஃபேஸ், ஷிக் இருவரையும் உட்காரவைத்து, முன்னால் ஒரு நிஜமான ஸ்ட்ரைக்கர் இல்லாமல் அலோன்சோ தொடங்கியது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 53 ஆட்டங்களில் அந்த ஒன்றுதான் தோல்வி. மூன்று நாள் கழித்து பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதி, ஜாக்காவின் ஒரு கோல். முதல் பாதி முடியும் முன்னே சிவப்பு அட்டையால் பத்துப் பேராகி, இரண்டாம் பாதி முழுக்க அதைக் காத்து ஜெயித்தார்கள். கடைசி நிமிட கோலுக்கு வழியே இல்லாத ஆட்டம் அது, அதையும் எப்படி ஜெயிப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மகனுக்கு எந்த ஆட்டம் என்று கேட்டீர்கள். எல்லோரும் பிரெமன் ஆட்டத்தைச் சொல்வார்கள். அது கொண்டாட்டம், ஆட்டமாக அவ்வளவு இல்லை. ஸ்டுட்கார்ட்டோடு ஏப்ரல் 27 அன்று நடந்ததைக் காட்டுங்கள். ஸ்டுட்கார்ட்டும் அந்த வருடம் பயர்னைத் தாண்டி இரண்டாமிடம் பிடித்த நல்ல அணி, இரண்டு பக்கமும் விளையாடத் தெரிந்தவர்கள். முதல் பாதியில் கோல் இல்லை, அவன் நெளிந்தால் இரண்டாம் பாதியிலிருந்தே போடுங்கள். ஸ்கோரை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.