ஃபால்ட் கோடை அழிச்சாலும் திரும்பி வர்ற மஞ்சள் விளக்கு: டீசல் கார் கேள்வி பதில்

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார் வெச்சிருக்கவங்க கேட்டதை மட்டும் இன்னிக்கு எடுத்துக்கிட்டேன்.

தாம்பரத்திலிருந்து: அண்ணே, டிபிஎஃப் விளக்கு எரியுது. சர்வீஸ்ல ஃபால்ட் கோடை (கம்ப்யூட்டர் பதிஞ்சு வைக்கிற பழுது நம்பரை) அழிச்சுத் தர்றாங்க, கொஞ்ச நாள்ல மறுபடியும் வருது. ஆபீஸ் 4 கிலோமீட்டர்தான், வேற ஓட்டமே இல்லை.

அந்த 4 கிலோமீட்டர்தான் தம்பி வியாதி. டிபிஎஃப்ங்கிறது புகைக்கரியைப் பிடிச்சு வைக்கிற வடிகட்டி. பிடிச்ச கரியை அதுவே எரிச்சுக்கணும்; அதுக்கு உள்ளே 600 டிகிரி பக்கம் சூடு வேணும். சூடு ஏறுறதுக்குள்ள நீங்க ஆபீஸ் வாசல்ல அணைச்சுடுறீங்க. வாரம் ஒருதடவை பைபாஸ்ல அரை மணி நேரம், 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாம ஒரே சீரா ஓட்டுங்க. வண்டி நிக்கும்போது ஐடிலிங் ஆர்பிஎம் வழக்கத்தைவிட ஏறி நின்னா எரிப்பு நடக்குதுன்னு அர்த்தம், அப்போ அணைக்காதீங்க. செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து வந்து பிக்கப் விழுந்துட்டா, ஓட்டிச் சரி பண்ற கட்டம் தாண்டியாச்சு. சர்வீஸ்ல ஸ்கேனரை (வண்டி கம்ப்யூட்டரோட பேசுற கருவி) வெச்சுத்தான் எரிக்கணும்.

கோவையிலிருந்து: நான் தினமும் ஹைவேலதான் ஓடுறேன். அப்படியும் பி2463ன்னு ஃபால்ட் கோடு வருது. டிபிஎஃப்பையே மாத்தணும், லட்சத்துக்கு மேல ஆகும்ங்கிறாங்க.

பணத்தைக் கட்டிடாதீங்க சார். அந்தக் கோடு "கரி அதிகம்"னு சொல்லுது, சரி. ஆனா கம்ப்யூட்டர் கரியைக் கண்ணால பார்க்கிறதில்லை. வடிகட்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் சொல்லுது, அதை வெச்சுக் கணக்குப் போடுது. அந்த சென்சாருக்குப் போற ரப்பர் ஹோஸ் சூட்டுல வெடிச்சிருக்கும், இல்லன்னா உள்ளே அடைச்சிருக்கும்.

சாவி ஆன், இன்ஜின் ஆஃப். இப்போ ஸ்கேனர்ல லைவ் டேட்டா பாருங்க. அழுத்த வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். இன்ஜினே ஓடாதப்போ பெரிய எண் காட்டினா சென்சார் பொய் சொல்லுது, வடிகட்டி மேல பழி போடாதீங்க. சென்சார் சரின்னா, கரி எங்கிருந்து இவ்வளவு வருதுன்னு தேடுங்க: திறந்தபடியே மாட்டிக்கிட்ட இஜிஆர் வால்வு (புகையில கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுறது), ஒழுகுற இன்ஜெக்டர், டர்போ ஹோஸ்ல கசிவு. இதையெல்லாம் விட்டுட்டுப் புது டிபிஎஃப் போட்டா அதுவும் அடைச்சுக்கும். ஆயில் பில்லையும் எடுத்துப் பாருங்க. மேனுவல்ல சொன்ன குறைந்த சாம்பல் ஆயில் இல்லன்னா, எரியவே எரியாத சாம்பல் உள்ளே சேரும்.

மதுரையிலிருந்து: டிப் ஸ்டிக்ல ஆயில் குறையவே இல்லை, ஏறுது. நல்லதுதானே?

இல்லவே இல்லை. கரியை எரிக்கக் கூடுதலா அடிக்கிற டீசல், எரிப்பு பாதியில நின்னுபோகும்போதெல்லாம் சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல இறங்குது. ஸ்டிக்கை மோந்து பாருங்க, தெரிஞ்சிடும். மேக்ஸ் கோட்டைத் தாண்டியிருந்தா அடுத்த சர்வீஸ் வரைக்கும் காத்திருக்காம ஆயிலை மாத்துங்க. நீர்த்த ஆயில் டர்போவைத் தின்னுடும்.

ஓசூரிலிருந்து: ஆட்ப்ளூ (புகையில நாக்ஸ் நச்சு வாயுவைக் குறைக்கிற யூரியாக் கரைசல்) ஊத்தியும் அதோட விளக்கு அணையலை. இன்னும் இத்தனை கிலோமீட்டர்ல ஸ்டார்ட் ஆகாதுன்னு மீட்டர் காட்டுது. நடுரோட்டுல நின்னுடுமா?

ஓடிட்டிருக்கும்போது நிக்காது. பூஜ்யம் ஆன பிறகு அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். கொஞ்சமா ஊத்தினா சில வண்டி கண்டுக்காது; மேனுவல்ல குறைந்தபட்சம் எத்தனை லிட்டர்னு பாருங்க. அப்புறம் ஆட்ப்ளூ இன்ஜெக்டர் முனையில வெள்ளையா உப்பு பூத்த மாதிரி இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. அது யூரியாப் படிகம், வெந்நீர்ல கரையும். அதுவும் இல்லன்னா நாக்ஸ் சென்சாரைச் சோதிக்கணும். காசு மிச்சம்னு உர யூரியாவைக் கரைச்சு ஊத்திடாதீங்க. ஆட்ப்ளூல சுத்தமான யூரியா 32.5 சதவீதம், மீதி கனிமம் நீக்கின தண்ணி.

திருச்சியிலிருந்து: டிபிஎஃப்பை வெட்டி எடுத்து, இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமையும் மாத்தி (ரீமேப்) பண்ணித் தர்றேன்ங்கிறார் ஒருத்தர்.

சட்டப்படி தப்பு, வாரன்டியும் போச்சு. நான் பண்ணித் தர்றதில்லை.

நெல்லையிலிருந்து: டீசல் டேங்க்ல ஊத்துற டிபிஎஃப் கிளீனர் வாங்கலாமா அண்ணாச்சி?

முதல்ல கோடு நம்பரைச் சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்.