கவுன்சில் ஆள் வந்தால் விருந்தாளி என்று சொல்லச் சொல்கிறாரா ஓனர்?

தங்கச்சி, உங்கள் கேள்வியில் ஏகப்பட்ட விஷயம் இருக்கிறது. குக்கர் கொண்டு வரலாமா, எந்த வங்கி நல்லது, லண்டன் ஈஸ்ட் ஹாமில் கறிவேப்பிலை கிடைக்குமா. இதற்கெல்லாம் பதில் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். (கறிவேப்பிலை என்ன, வாழைப்பூவே கிடைக்கும். குக்கருக்கு உதிரி கேஸ்கட் எடுத்து வையுங்கள்.) என் கண்ணில் குத்தியது நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இடம்தான். உங்கள் வீட்டுக்காரர் பார்த்திருக்கும் அறை கொஞ்சம் சின்னது, ஒப்பந்தத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும், நீங்கள் வந்து சேர்ந்த பிறகு கவுன்சிலிலிருந்து (நம் ஊர் நகராட்சி மாதிரி) யாராவது கதவைத் தட்டினால் "ஊரிலிருந்து வந்த விருந்தாளி" என்று சொல்லிவிட வேண்டும் என்கிறார் ஓனர். இது இங்கே சகஜமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சகஜம்தான். ஆனாலும் வேண்டாம்.

ஓனர் எதற்காக அப்படிச் சொல்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறை, குளியலறையைப் பகிர்ந்துகொண்டு வாடகைக்கு இருந்தால் அந்த வீட்டுக்குக் கவுன்சில் லைசென்ஸ் வேண்டும். இப்படிப் பலர் பகிர்ந்து இருக்கும் வீட்டை ஹெச்.எம்.ஓ. என்பார்கள். முன்பு மூன்று தளமோ அதற்கு மேலோ உள்ள வீடுகளுக்குத்தான் இது கட்டாயம். 2018 அக்டோபர் 1 முதல் தளக் கணக்கை எடுத்துவிட்டார்கள். அதே நாளில் படுக்கையறை அளவும் விதியானது. பத்து வயது தாண்டிய ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டராவது இருக்க வேண்டும், இருவர் என்றால் 10.22. நம் கணக்கில் 70 சதுர அடி, 110 சதுர அடி. 4.64 சதுர மீட்டருக்கு, அதாவது 50 சதுர அடிக்குக் குறைவான அறையில் யாரும் படுக்கவே கூடாது. கூரை சரிந்து வரும் மச்சு அறைகளில் உயரம் ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த இடம் கணக்கில் சேராது. கவுன்சில் நினைத்தால் இதைவிடப் பெரிய அளவைக் கேட்கலாம், குறைத்துக் கேட்க முடியாது.

இவை ஏதோ புது எண்கள் என்று நினைக்காதீர்கள். 1935-ல் வந்த வீட்டுவசதிச் சட்டத்தின் நெரிசல் அட்டவணையிலேயே இதே 50, 70, 110 சதுர அடிகள் இருக்கின்றன. அதை மீட்டராக்கித்தான் 2018-ல் போட்டார்கள். "ஐரோப்பாக்காரன் மாதிரி சொகுசு கேட்கிறார்கள்" என்று நம் ஓனர்கள் புலம்பும்போது எனக்குச் சிரிப்பு வரும். எண்பது வருடத்துக்கு முந்தைய அளவு, அதுவும் சொகுசாம்.

அந்த விருந்தாளி விஷயத்துக்கு வருகிறேன். அறையில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று எண்ணும்போது, குடியிருப்பவரைப் பார்க்க வந்தவரைச் சட்டம் சேர்ப்பதில்லை. அதனால்தான் உங்களை விருந்தாளியாக்குகிறார். இன்னொரு வித்தை, எல்லோரையும் கசின் என்று சொல்லச் சொல்வது. சித்தப்பா, அத்தை, கசின் எல்லாரும் ஒரே குடும்பம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் காரைக்குடிக்காரர், குண்டூர்க்காரர், கொழும்புக்காரர் மூவரையும் ஒன்றுவிட்ட சகோதரர்களாக்கிய ஓனரை எனக்குத் தெரியும்.

இதில் ஓனருக்கு என்ன லாபம் என்பது தெரிந்ததே. 2018-ல் இந்த விதி வந்தபோது அபராதத்தின் உச்சவரம்பு 30,000 பவுண்டு. மாட்டினால் பெரிய அடி, மாட்டாதவரை இரண்டு பேர் வாடகை. உங்களுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவருக்கு விலாசச் சான்று இல்லை. வங்கிக் கணக்கு திறக்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். (டாக்டரிடம் பதிந்துகொள்ள அது தேவையில்லை. ரிசப்ஷனில் கேட்டாலும் மசியாதீர்கள்.) உங்கள் பங்குக்கு டெபாசிட் என்று ரொக்கமாக வாங்கினால் அதற்கு ரசீது இருக்காது. முறையான வாடகைதாரரின் டெபாசிட்டை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டாக வேண்டும். ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கவும் கூடாது. லைசென்ஸ் இல்லாத ஹெச்.எம்.ஓ. என்றால் கொடுத்த வாடகையைத் திரும்பக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்கே போகலாம். இதெல்லாம் காகிதத்தில் இருப்பவருக்கு. விருந்தாளி எதைக் காட்டிக் கேட்பது?

விதி வந்து எல்லாம் நன்றாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இங்கே வரிசை வீடுகளில் மாடிப்படிக்கு மேலே பாக்ஸ் ரூம் என்று ஒரு குட்டி அறை இருக்கும். கையில் காசில்லாமல் வந்து இறங்கும் பையன்களுக்கு அதுதான் முதல் கூடு. அதில் பல 70 அடியைத் தொடாது. லைசென்ஸ் வாங்கிய வீடுகளில் அவை சாமான் அறையாயின, அந்த வாடகை மற்ற அறைகளின் தலையில் ஏறியது. சரிசெய்ய 18 மாதம் வரை அவகாசம் உண்டு என்று சட்டம் சொன்னது. எத்தனை ஓனர்கள் அதுவரை பொறுத்தார்கள்? காலி பண்ணு என்பதுதான் சுலபம். ஹால்களையும் படுக்கையறையாக்கிவிட்டார்கள், அதனால் எல்லாரும் அவரவர் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சிலர் லைசென்ஸ் வேண்டாமென்று நாலு பேரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். (ஈஸ்ட் ஹாமில் அந்த வித்தை பெரும்பாலும் எடுபடாது. அந்தப் பகுதியின் நியூஹாம் கவுன்சில் 2013-லேயே சின்ன வாடகை வீடுகளுக்கும் சொந்தமாக லைசென்ஸ் கொண்டுவந்தது.) கணவன் மனைவிக்கு அறை கேட்டால்தான் ரொம்பச் சிரமம். 110 அடி அறை குறைவு, இருந்தாலும் விலை ஏறிக் கிடக்கிறது. உங்களை விருந்தாளியாக்கும் யோசனை பிறப்பது அந்த இடத்தில்தான்.

அப்படியிருந்தும் நான் விதியின் பக்கம்தான். 2008-ல் நாங்கள் வந்தபோது இரண்டு தள வீட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை. படிக்கு மேலே இருந்த பாக்ஸ் ரூம்தான் எங்களுக்குக் கிடைத்தது. படியேறுபவர் தலை இடிக்காமலிருக்க அறையின் மூலையில் ஒரு மேடை எழும்பி நிற்கும், மெத்தையின் கால்பக்கம் அதன் மேல். கீழே முன்னறையைப் பிளைவுட் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பாதியில் தஞ்சாவூர்த் தம்பதி, மறுபாதியில் இரவு வேலைக்காரர் இருவர். அவர்கள் எழுந்து போன மெத்தையில் பகல் வேலைக்காரர் வந்து படுப்பார். துணி காய்வது அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல், ஜன்னல் திறந்தால் குளிர். மூச்சுக் காற்றிலேயே சுவர் வியர்த்துக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. தாளிக்கும்போது கத்துகிறதென்று தீ எச்சரிக்கைக் கருவிக்குப் பிளாஸ்டிக் பை கட்டி வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் சமையல் முடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி அதை அவிழ்ப்பேன். "ஊரிலிருந்து வந்ததும் இன்ஸ்பெக்டராகிவிட்டாள்" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும்.

ஹாரோ பக்கம் தோட்டத்தோடு வீடு வாங்கிவிட்ட சிலர் இந்த நாட்களைப் பெருமையாகச் சொல்வார்கள். "நாங்கள் பத்துப் பேர் இருந்தோம், என்ன கெட்டுப் போச்சு?" என்பார்கள். கெட்டது என்னவென்று அந்த வீட்டுப் பெண்களைக் கேட்க வேண்டும். குளியலறைக் கதவுக்கு வெளியே வரிசை நிற்கும் வீட்டில் மாதவிலக்கு நாட்களை எப்படிக் கழித்தோம் என்று இவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

நம்ம ஆளு என்று நம்பி ரசீது கேட்காமலிருப்பதும் பெரிய வியாதி. ஓனரிடம் முழு வீட்டை எடுத்து அறை அறையாக உள்வாடகை விடும் நடுவாட்கள் நம்மவரில் ஏராளம். சாம்பார் கொடுத்து அனுப்புவார்கள், ஒப்பந்தம் கொடுக்க மாட்டார்கள். அந்தத் தஞ்சாவூர்க்காரரே இப்போது இல்ஃபோர்டில் வீடு வாங்கி அறைகள் விடுகிறார். கவுன்சில் கழுத்தை நெரிக்கிறது என்று எனக்கே போன் போட்டு அழுதார். காலி அறை இருக்கிறது, யாராவது தம்பதி இருந்தால் சொல்லு என்றார். எத்தனை அடி என்று கேட்டதும் பேச்சு பிள்ளைகளின் படிப்புக்குப் போய்விட்டது.

உங்கள் வீட்டுக்காரரை அளக்கும் டேப் எடுத்துப் போகச் சொல்லுங்கள், வெட்கமெல்லாம் வேண்டாம். லைசென்ஸ் பெற்ற வீடுகளின் பதிவேட்டைக் கவுன்சில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும், அதில் அந்த விலாசம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓனரே கூட இருக்கும் வீட்டில் இரண்டு பேர் வரை வாடகைக்கு இருப்பது வேறு கணக்கு. அங்கே லைசென்சும் வராது, டெபாசிட் பாதுகாப்பும் வராது, போ என்றால் சீக்கிரம் போக வேண்டியதுதான். ஆனாலும் நல்ல மனிதர் கிடைத்தால் முதல் ஆறு மாதத்துக்கு நான் அதைத்தான் எடுப்பேன். எங்கே எடுத்தாலும் ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் நீங்கள் டிக்கெட்டை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், அதற்குள் அவர் வேறு அறை பார்த்துவிடலாம்.