தோணிக்குப் பூசிய காவி

அன்புள்ள அண்ணா,

கல்லடிப் பாலத்தடியில் விடியப்புறம் எடுத்த புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டு, தோணிக்குக் காவியும் தண்ணீருக்கு நீலமும் வாட்டர் கலரில் பூசினேன். "இது புகைப்படமுமில்லை, ஓவியமுமில்லை" என்கிறார் எனக்குப் படிப்பித்தவர். இது ஏமாற்று வேலையா? பூசும்போது அச்சு மையும் கலங்குகிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கச்சி,

ஏமாற்று வேலை இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் பதினெட்டு வயசுப் படம் இருக்கிறது. கறுப்பு வெள்ளைதான். ஸ்டூடியோக்காரர் கன்னத்தில் ரோஸ் நிறத்தைப் பஞ்சால் ஒற்றியிருக்கிறார். பொட்டு மட்டும் தூரிகை நுனியால் வைத்தது. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் அந்தச் சிவப்பு கடுகளவு மேடாகத் தெரியும். அம்மம்மா படத்தை எடுத்தால் விரல் அங்கேதான் போகும்.

எங்கள் நாட்டுப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) இருட்டறையில் நெகட்டிவ்களை ஒன்றோடொன்று சேர்த்தும், கழுவும்போது இடையில் வெளிச்சம் காட்டி ஒளியையும் நிழலையும் புரட்டியும் படம் செய்தவர். ஓவியர்கள் கூடி '43 குழு'வை 1943இல் தொடங்கியதும் அவர் வீட்டில்தான்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலம் எனக்குப் பிடிக்கவில்லை. விடியப்புற வாவியில் நீலம் ஏது? அந்த இடத்தில் உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. ஆனால் தோணியின் அணியத்தில், அதாவது முன்முனையில், பூசிய காவி, பழைய பலகையில் வெயில் ஏறியதுபோல இருக்கிறது. கமரா எடுக்காததை அங்கே உங்கள் கை எடுத்திருக்கிறது. அதை விடாதீர்கள்.

மை கலங்குவது, அது தண்ணீரில் கரையும் சாய மை என்பதால். கரையாத நிறத்துகள் கொண்ட பிக்மென்ட் மை உள்ள பிரிண்டரில், பளபளப்பில்லாத பருத்தித் தாளில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு நாள் காயவிட்டு, முதலில் ஓரத்தில் ஈரத் தூரிகையால் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம், சயனோடைப்பும் செய்து பாருங்கள். ஆங்கிலேய விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை. இரும்பு உப்புக் கரைசலை வாட்டர் கலர் தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்தி, நெகட்டிவை மேலே வைத்து வெயில் காட்டிக் கழுவினால் நீலப் படம் வரும். மட்டக்களப்பு வெயிலுக்குக் குறையா! தூரிகை இழுத்த தடம் ஓரங்களில் அப்படியே பதியும். கழுவிய படத்தைக் கடும் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் நீலம் கறுத்து அடங்கும். விடியப்புற வாவியின் நிறம் எனக்கு அதில்தான் கிடைத்தது. கையுறை போடுங்கள். சவர்க்காரத் தண்ணீர் படவிடாதீர்கள், நீலம் வெளிறிவிடும்.

காவித் தோணியை அந்தத் தண்ணீரில் வைத்து ஒரு படம் செய்து அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.